கவிதை வாசிப்பது உங்களுக்கு எந்த வகையில் ஆறுதலாக இருந்திருக்கிறது?

ஆறுதல் சொல்ல முயலாத கவிதைகள்தான் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கின்றன.

அப்பா ஒரு தை மாதத்தில் இறந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோருமே பிரியமானவர்கள். "கஷ்டப்படாமப் போயிட்டாரு", "நீதான் அம்மாவுக்குத் தைரியம் சொல்லணும்" என்றார்கள். தை முகூர்த்த மாதம் வேறு. காடாற்றிவிட்டு வீடு திரும்பும்போது அடுத்த தெருவில் கெட்டிமேளம் கேட்டது. யார் மேலும் தப்பில்லை, ஆனாலும் ஆத்திரமாக வந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

புறநானூற்றின் 194ஆம் பாட்டு அதைத்தான் சொல்கிறது. பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. கூடியிருப்பவர்கள் பூச்சூட, பிரிந்தவர்கள் கண்ணீர் வடிக்கிறார்கள். உலகத்தை இப்படிப் படைத்தவனை 'பண்பிலாளன்' என்று நேராகவே திட்டுகிறார். அப்புறம்தான் "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே" என்று முடிக்கிறார். இனியதைப் பார் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லியிருந்தால் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன். எனக்காக முதலில் கோபப்பட்டவர் சொன்னதால் கேட்க முடிந்தது.

இன்னொன்று, பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகளிர் பாடிய 112. ஐந்தே அடி.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

போன மாதப் பௌர்ணமிக்கு எங்கள் அப்பா இருந்தார், பறம்பு மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதப் பௌர்ணமியில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான். அழுகிறோம் என்றுகூட அந்தப் பெண்கள் சொல்லவில்லை. முதல் பாதியில் அப்பா முன்னால் வருகிறார், மலை பின்னால். அடுத்த பாதியில் மலையைச் சொல்லிவிட்டு அப்பாவைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். சொல்ல முடியாததைக் கடைசியில்தானே சொல்வோம்! அப்பாவின் வைத்தியக் கடனுக்காக, அவர் வைத்த தென்னைகளோடு கொல்லையை விற்றபோது நானும் எல்லோரிடமும் கொல்லையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய பிள்ளைகள் என்னைப் புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

பழம்பாட்டு புரியுமா என்று தயங்க வேண்டாம். முதலில் பாட்டை வாய்விட்டு இரண்டு தடவை படியுங்கள், பிறகு உரையைப் பாருங்கள். ஔவை துரைசாமிப் பிள்ளையின் உரை நல்ல துணை. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் நூல்கள் உரையோடு இலவசமாகவே கிடைக்கின்றன. நானூறையும் வரிசையாகப் படித்தாக வேண்டும் என்றெல்லாம் இல்லை. மனதில் தங்குகிற ஒரு பாட்டு போதும், அதையே பல நாள் வைத்துக்கொள்ளலாம்.

112ஐ அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைங்க அப்புறம் என்ன ஆனாங்க?" என்று கேட்டார். பாரியின் நண்பரான புலவர் கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற சிற்றரசர்களிடம் மணம் பேசப் போன பாட்டுகளை (200, 201) எடுத்துப் படித்தேன். இருங்கோவேள் மறுத்ததும் கபிலர் அவனை இடித்துரைக்கும் 202ஆம் பாட்டு வந்தபோது, "நல்லாக் கேட்டாரு" என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கபிலர் பாட்டு வேறு இருந்தால் படி என்கிறார் இப்போது.