தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வாருங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறேன். ஒருமுறை எழுதிக் கிடைக்கவில்லை. ஏழு மாதமாக 369 முறையில் மேனிஃபெஸ்டேஷன் (வேண்டியது கிடைத்துவிட்டதாகவே நினைத்து அதை வரவழைக்கும் பயிற்சி) செய்கிறேன். ‘எனக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது, பிரபஞ்சத்துக்கு நன்றி’ என்று காலையில் 3, மதியம் 6, இரவு 9 தடவை பச்சை மையில் எழுதுகிறேன். ஒரு வேளை விட்டுப்போனாலும் நெஞ்சு படபடக்கிறது. அழுதுவிட்டால் அதிர்வு கெட்டுவிட்டதே என்று பயம் கூடுகிறது. அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார், சர்க்கரை நோயாளி. ‘இன்னைக்கு என்னம்மா படிச்ச?’ என்று தினமும் கேட்பார். அந்த நெகட்டிவிட்டி வேண்டாம் என்று இரவில் தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுவேன். ரசம் வேண்டுமென்றால் அம்மா கதவருகே வைத்துவிட்டுப் போவார். பதற்றம் இல்லாமல், மன அமைதியோடு மேனிஃபெஸ்ட் செய்ய வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், ஒட்டன்சத்திரம்

பதில்: கதவருகே வைத்துவிட்டுப் போன அந்த ரசத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் பச்சை மை இருக்கிறது, மூன்றும் ஆறும் ஒன்பதும் இருக்கிறது, அதிர்வு இருக்கிறது. நேற்று எத்தனை கேள்விக்கு விடை எழுதிப் பார்த்தீர்கள் என்பது எங்கேயும் இல்லை. அதைத்தான் உங்கள் அப்பா கேட்கிறார். வீட்டில் உங்கள் தேர்வைப் பற்றி நேராகக் கேட்கிற ஒரே ஆள் அவர். அவரைத்தான் ‘நெகட்டிவிட்டி’ என்று பெயர் வைத்து வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அந்தக் கேள்வி ஏன் சுடுகிறது என்று யோசித்தீர்களா? ஒரு நாளைக்கு 18 வரி, ஏழு மாதத்துக்கு ஏறக்குறைய 3,800 வரி. அத்தனையிலும் ‘கிடைத்துவிட்டது’. கிடைக்கவில்லை என்பது எழுதுகிற கைக்கே தெரியும். அப்பா ‘என்ன படிச்ச’ என்றதும் எழுதியதற்கும் உள்ளதற்கும் நடுவில் இருக்கிற பள்ளம் கண்ணில் படுகிறது. பள்ளத்தை மூட வழியில்லாமல் கதவை மூடியிருக்கிறீர்கள்.

அப்பா அடிப்பவர், குடித்துவிட்டு ஏசுபவர் என்றால், தாழ்ப்பாளும் போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். நீங்கள் எழுதியிருப்பது அப்படிப்பட்டவரைப் பற்றி இல்லை. நாளெல்லாம் கடையில் நின்றுவிட்டு வந்து, மகள் பேசுவாளா என்று பார்க்கிற ஒருவரைப் பற்றி. அவர் சம்பாத்தியத்தில் படிக்கிறோம் என்றால், ஒரு வேளையாவது அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. சர்க்கரை உள்ளவர் தட்டில் இரவு எவ்வளவு சோறு விழுகிறது, மாத்திரை போட்டாரா என்பதைக் கடந்த சில மாதங்களில் எத்தனை நாள் பார்த்திருக்கிறீர்கள்? உங்கள் அம்மா 26 வயதுப் பெண்ணுக்குக் கதவு வாசலில் கிண்ணம் வைக்கிறார். அவர் முகம் எப்படி இருந்தது என்றும் உங்களுக்குத் தெரியாது, கதவு சாத்தியிருந்தது.

இன்னொன்று. குரூப் 4 தேர்வு மூன்று மணி நேரம், 200 கேள்வி. அப்பாவின் ஒரு கேள்விக்கே கலைந்துபோகிற அமைதியை நம்பி அந்த அறையில் எப்படி உட்காருவீர்கள்?

மேனிஃபெஸ்டேஷனை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. வேண்டியதை மனதில் இருத்தி அன்றாடம் அதன் முன் சிறிது நேரம் உட்காருவது நல்ல பழக்கம். நம் வீடுகளில் விளக்கேற்றிக் கும்பிடுவதும் அதைச் சேர்ந்ததுதான். ஆனால் விளக்கின் முன் நின்று யாரும் ‘ஏற்கெனவே கொடுத்துவிட்டாய்’ என்று சொல்வதில்லை. ‘கிடைக்கணும், கூட இரு’ என்றுதான் கேட்கிறோம். அந்த வேண்டுதலில் பொய் இல்லை. அதனால் கும்பிட்டு முடித்ததும் மனம் லேசாகிறது. தன்னம்பிக்கை குறைந்திருக்கிறவர்கள் தன்னைப் பற்றிய நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மனம் இன்னும் தளர்கிறது என்று கனடாவில் ஜோன் வுட் என்ற உளவியலாளர் 2009-இல் காட்டினார். ஒருமுறை தேர்வில் தவறிய பெண்ணுக்குத் தினம் 18 முறை ‘கிடைத்துவிட்டது’ ஒத்துவருமா? 369 முறையை விஞ்ஞானி நிகோலா டெஸ்லா சொன்னார் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் விடுங்கள். அவர் இப்படி எழுதச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது.

இனி செய்ய வேண்டியது. காலையில் படிக்க உட்காரும் முன் கால் மணி நேரம், அவ்வளவுதான்.

முதல் ஐந்து நிமிடம் மூச்சு. மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, ஐந்து நிமிடத்துக்கு 30 மூச்சு. வெளியே விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு தணியும். பலர் செய்யும் தவறு, காற்றை அள்ளி அள்ளி இழுப்பது. தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், ‘எனர்ஜி ஏறுகிறது’ என்று நினைத்துக்கொள்வார்கள். அது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறியதால் வருவது. அப்படி ஆனால் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். மறுநாள் பாதி அளவுக் காற்றோடு தொடங்குங்கள்.

அடுத்த ஐந்து நிமிடம் நோட்டு. 18 வரி வேண்டாம், நான்கு வரி போதும்: விருப்பம், பலன், தடை, திட்டம். கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல ஆண்டு ஆராய்ந்து வகுத்த முறை இது. நடந்துவிட்டதாகக் கற்பனை மட்டும் செய்கிறவர்களுக்கு முயற்சி செய்கிற வேகம் குறைகிறது என்று கண்டதால்தான் மூன்றாவது வரியாகத் தடையைச் சேர்த்தார். உங்கள் நோட்டில் அது இப்படி இருக்கலாம். விருப்பம்: இன்று ஆப்டிட்யூடில் 25 கணக்கு. பலன்: ராத்திரி அப்பாவிடம் சொல்ல ஒரு எண் இருக்கும். தடை: வட்டிக் கணக்கு வந்ததும் போனை எடுத்துவிடுகிறேன். திட்டம்: போன் பக்கம் கை போனால், அதைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அந்தக் கணக்கின் முதல் வரியையாவது எழுதுவேன்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். விருப்பத்தில் ‘அரசு வேலை’ என்று எழுதினால் இன்று ராத்திரிக்குள் அது நடந்ததா என்று சரிபார்க்க முடியாது, பழைய படபடப்பே திரும்பி வரும். ஒரு நாளில் முடிகிற அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். தடையில் ‘அப்பா’ என்று எழுதவே கூடாது. அந்த வரியில் உங்கள் பழக்கமோ உங்கள் பயமோதான் வர வேண்டும், இல்லாவிட்டால் நான்காவது வரியில் உங்களுக்குச் செய்ய எதுவும் இருக்காது.

கடைசி ஐந்து நிமிடம் கற்பனை. நியமன ஆணை, அலுவலக நாற்காலி, ஊரார் பாராட்டு எதுவும் வேண்டாம். இன்று படிக்கப்போகிற ஒரு மணி நேரத்தைக் கண்ணுக்குள் ஓட்டுங்கள். மேசை, பழைய வினாத்தாள், பேனா மூடியைக் கழற்றுவது, மூன்றாவது கேள்வியில் மாட்டுவது, பக்கத்தைத் திருப்பாமல் அங்கேயே நிற்பது, தப்பான விடையைச் சுழித்துவிட்டு மறுபடி போடுவது. மாட்டுகிற இடத்தைத் தவிர்க்காதீர்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், படிக்கும் விதத்தைக் கற்பனை செய்த மாணவர்கள் முன்கூட்டியே படிக்கத் தொடங்கினார்கள், நல்ல மதிப்பெண்ணும் எடுத்தார்கள். மதிப்பெண்ணை மட்டும் கற்பனை செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

எதை முதலில் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதுவும் பதற்றத்தைக் குறைக்கும். தமிழில் 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் குறைந்தது 60 எடுக்காவிட்டால் பொது அறிவு விடைகளை மதிப்பிடவே மாட்டார்கள். எனவே முதல் இரண்டு வாரம் உங்கள் ‘விருப்பம்’ வரியில் தமிழே வரட்டும்.

அழுகையைப் பற்றி. அழுதால் எதுவும் கெடாது. தேர்வில் தவறிய பெண் அழுவாள், அதில் மறைக்க என்ன இருக்கிறது? வரும்போது அதன் பெயரையும் இடத்தையும் சொல்லுங்கள்: ‘பயம், நெஞ்சுக்குழியில்.’ பத்து நிமிடம் மனதில் இருப்பதை எழுதுங்கள், பத்தாவது நிமிடம் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்துங்கள், முகம் கழுவிவிட்டு மேசைக்கு வாருங்கள். அன்றைய நான்கு வரி அப்படியே இருக்கும், மாற்ற வேண்டாம்.

பழைய 18 வரியை ஒரே நாளில் நிறுத்தப் பயமாக இருந்தால், இந்த வாரம் மதியத்து ஆறை விடுங்கள், அடுத்த வாரம் இரவு ஒன்பதை, அதற்கடுத்து காலை மூன்றை. விட்ட நாளில் படபடப்பு ஏறும். கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். அதைத் தணிக்க நோட்டை எடுத்தால், எழுதினால்தான் தணியும் என்று மனம் பழகிக்கொள்ளும், நாளை இன்னும் அதிகமாகக் கேட்கும். மூன்று வாரத்துக்குப் பிறகும் விட முடியவில்லை, ஓர் எழுத்துப் பிழைக்கு முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதுகிறீர்கள், தூக்கம் போகிறது என்றால், அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். மாவட்ட அரசு மருத்துவமனையில் காட்டலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.

இன்று இரவு, தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வாருங்கள். ரசத்தை நீங்கள் ஊற்றுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து. அப்பா கேட்பார். ‘தமிழ் 50 போட்டேன்ப்பா, 31 சரி’ என்பது போல உள்ள எண்ணைச் சொல்லுங்கள். ஒன்றுமே படிக்காத நாளில் ‘இன்னைக்கு ஒண்ணும் ஓடலப்பா’ என்று அதையும் சொல்லுங்கள். முதல் நாலைந்து நாள் தொண்டை அடைக்கும், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது இனி உங்கள் வேலை.

அந்தப் பச்சை மை நோட்டுகளை எரித்துப் பிரபஞ்சத்திடம் விடச் சொல்லி யாராவது சொல்வார்கள். எரிக்க வேண்டாம். காலிப் பக்கங்கள் இருக்கும், வட்டிக் கணக்கு போட்டுப் பார்க்க ஆகும்.