கச்சத்தீவும் கூட்டணிக் கணக்கும்: கேள்வி பதில்

வெளியுறவுக் கொள்கை பற்றி இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சில.

மண்டபம்: சார், வெளியுறவு டெல்லியின் வேலை. அதில் மாநில அரசியல் எங்கே வருகிறது?

சட்டப்படி பார்த்தால் வராது. வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற, மாநிலங்களைக் கேட்காமலே நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்கிறது அரசியலமைப்பின் 253ஆவது பிரிவு. ஆனால் ஆட்சி நிற்பது எம்.பி.க்களின் தலைக்கணக்கில். 2013 மார்ச்சில் இலங்கைப் பிரச்சினைக்காக தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகியது. அந்த நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகவில்லை. 2011இல் வங்கதேசத்துடனான தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜியின் எதிர்ப்பால் நின்றதும் இதே கதைதான்.

பாம்பன்: கச்சத்தீவு திரும்பக் கிடைத்தால் நம் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே அண்ணே?

தீராது. தேர்தல் மேடைக்கு உதவும், அவ்வளவுதான். 1974இல் தீவு இலங்கைக்குப் போனது. தமிழ்நாட்டின் பேச்சைக் கேட்காமல் கொடுத்தது தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று வந்தது 1976இல் இரு நாடுகளும் எழுதிக்கொண்ட கடிதங்களில். தீவே 285 ஏக்கர்தான். நம் விசைப்படகுகள் அதையும் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் போகின்றன. அந்தக் கரையில் இருப்பவர்களும் தமிழர்கள். 2009 வரை போரால் நிம்மதியாகக் கடலுக்குப் போக முடியாதவர்கள். அவர்கள் போட்ட வலையை நம் இழுவை மடி, அதாவது கடலடியை அரித்து இழுக்கும் பெரிய வலை, அறுத்துக்கொண்டு போகிறது. 2017இல் இலங்கை தன் சொந்தப் படகுகளுக்கே இழுவை மடியைத் தடை செய்துவிட்டது. வட இலங்கையின் வாக்குகளை எதிர்பார்க்கும் கொழும்பு அரசு அதை நமக்கு மட்டும் அனுமதிக்குமா?

தங்கச்சிமடம்: சரி, இழுவை மடியை விட்டால் படகுக் கடனை யார் கட்டுவது?

இந்தக் கேள்விக்கு உள்ளூரில் பதில் இல்லாததால்தான் விஷயம் கொழும்பு வரை போகிறது. 2017இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது. 80 லட்ச ரூபாய் படகுக்கு 70 சதவீதம் மானியம், மூன்று ஆண்டில் 2,000 படகுகள் என்றார்கள். மாறியது சொற்பம். இன்று போய் நாளை கரை திரும்பிப் பழகியவரை, நாள்கணக்கில் ஆழ்கடலில் சூரை மீன் தேடிப் போகச் சொன்னால் மானியம் மட்டும் போதுமா? பயிற்சி வேண்டும், ஆழமான துறைமுகம் வேண்டும், சூரையை நல்ல விலைக்கு எடுக்க ஆள் வேண்டும். அதற்குச் செலவழிப்பதைவிட, ஒவ்வொரு கைதுக்கும் டெல்லிக்குக் கடிதம் எழுதுவது எளிது.

தனுஷ்கோடி: 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கைக்கு அவ்வளவு உதவினோமே, பதிலுக்கு மீன்பிடி உரிமையைக் கேட்டிருக்கலாமே?

சுமார் 400 கோடி டாலர் உதவி அது. ஆனால் அந்த மார்ச்சில் இலங்கையிலிருந்து குடும்பம் குடும்பமாக உங்கள் ஊர்ப் பக்கம் வந்து இறங்கினார்களே, பார்த்திருப்பீர்கள். இலங்கை இன்னும் சரிந்தால் அகதிகளும் வருவார்கள், சீனாவும் உள்ளே வரும் என்ற கவலையில் பேரம் பேச இடமில்லை.

ஏர்வாடி: இலங்கையில் பிடித்த ஆட்களை விடுகிறார்கள், படகை ஏன் விடுவதில்லை?

ஆட்களை விட்டால் டெல்லிக்குத் திருப்தி, படகைப் பிடித்து வைத்தால் யாழ்ப்பாணத்துக்குத் திருப்தி. 2018இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தையும் ஏற்றிவிட்டார்கள். படகு உங்களுடையது என்றால் பதிவுச் சான்றை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே வழக்குத் தேதி என்றைக்கு என்று மீன்வளத்துறையில் உடனே கேளுங்கள்.