கதிர் பட்ட மகரந்தமும் முலாம்பழ விதையும்: வாசகர் கேள்விகள்

திருவையாறு வாசகர்: முலாம்பழ மகரந்தத்தில் கதிர் பாய்ச்சிப் புது ரகம் எடுக்கிறார்களாமே, அந்தப் பழத்தைச் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். காமா கதிர் ஊடுருவிப் போன பொருள் கதிரியக்கப் பொருளாக மாறிவிடாது. கதிர் படுவதும் ஆய்வுக்கூடத்தில் ஆண் பூவின் மகரந்தத்தில் மட்டும்தான்.

தஞ்சாவூர் மாணவி: கதிரில் செத்த மகரந்தம் எப்படிக் கருவை உண்டாக்கும்?

அது முழுதாகச் சாவதில்லை, சூட்சுமமே அங்கேதான். சுமார் 300 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) கதிர் வாங்கிய மகரந்தம் சூல்முடியில் முளைக்கும், குழாய் நீட்டும், காயும் பிடிக்கும். ஆனால் அதன் உட்கரு சிதைந்திருப்பதால் முறையான கருவூட்டல் நடக்காது. அந்தத் தூண்டலில் சில முட்டைகள் தாமாகவே கருவாக வளரத் தொடங்கும். முலாம்பழத்தில் இதை 1987இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

இப்படி வரும் கருவில் தாயின் 12 குரோமோசோம்கள் மட்டுமே இருக்கும். வழக்கமான செடிக்கு 24. இதைத்தான் ஒற்றைமடியம், ஹாப்லாய்டு என்கிறோம். காயிலுள்ள விதைகளில் பெரும்பாலானவை பதர்தான். கரு உள்ள விதையிலும் அதற்கு ஊட்டம் தரும் சூழ்தசை இருக்காது. ஆகவே மூன்று, நான்கு வாரத்தில் காயை அறுத்து, விதை விதையாகப் பிளந்து, கிடைக்கும் கருவைச் சத்துக்கூழில் வைத்து வளர்க்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அப்புறம் கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துக் குரோமோசோமை இரட்டிப்பாக்கினால் முழுத் தூய வழி, அதாவது தலைமுறை தலைமுறையாகக் குணம் மாறாத செடி, கிடைக்கும். தன்மகரந்தச் சேர்க்கையில் ஆறேழு தலைமுறை பிடிக்கும் காரியம் இது.

கும்பகோணம் விவசாயி: இதில் எங்களுக்கு என்ன பயன்? வீரிய ஒட்டு விதை விலை குறையுமா?

விலை குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். பயன் வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊரில் பழுத்ததும் வெடிக்கும் வெள்ளரிப்பழமும் முலாம்பழமும் ஒரே இனம், எளிதாகக் கலக்கும். வெடி வெள்ளரியின் நாட்டு வகைகள் சிலவற்றில் சாம்பல் நோய் எதிர்ப்பு உண்டு. அந்த எதிர்ப்பையும் முலாம்பழத்தின் இனிப்பையும் சேர்க்க மூன்று மரபணுக்கள் நிலைபெற வேண்டும் என்று வையுங்கள். சாதாரண இரண்டாம் தலைமுறையில் 64 செடிக்கு ஒன்றுதான் அப்படி அமையும். இரட்டிப்பாக்கிய ஒற்றைமடியத்தில் 8க்கு ஒன்று. நம் நாட்டு வெள்ளரியை வைத்து இந்த வேலை நடக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முதலில் அந்த விதை உங்கள் வீட்டில் அழியாமல் இருக்க வேண்டும்.

மன்னார்குடி வாசகி: நாட்டு வெள்ளரி விதையைக் கலப்பில்லாமல் எடுப்பது எப்படி?

பக்கத்து வயலில் முலாம்பழம் இருந்தால் தேனீ கலந்துவிடும். மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முந்தின சாயங்காலமே காகிதத்தால் மூடுங்கள். காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, திரும்ப மூடி, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். வீரிய ஒட்டுப் பழத்தின் விதையை மட்டும் எடுத்து வைக்காதீர்கள், குணம் பிரிந்துவிடும்.

வேதாரண்யம் விவசாயி: கால்ச்சிசின் நாங்கள் போடும் கண்வலிக்கிழங்கில் இருப்பதுதானே? விதையை அரைத்து நாங்களே செடிக்குக் கொடுக்கலாமா?

அதேதான், ஆனால் வேண்டவே வேண்டாம். அது உயிரைப் பறிக்கும் விஷம். அரைத்த சாற்றில் மருந்து எவ்வளவு என்று அளக்கவும் வழியில்லை. அறுவடையின்போதும் கையுறை போடுங்கள், விதையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.