பூம்பாறை போக ஏஜென்டுக்கு 1,500 ரூபாய் எதற்கு?

கேள்வி: நாங்கள் தேவகோட்டை. ஆத்தாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. முன்பெல்லாம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போனவர். இப்போது கொடைக்கானல் கூட்டம் வேண்டாம், பைன் மரம் நிற்கிற சின்ன மலையூர்களைப் பார்த்து, பூம்பாறை முருகனையும் கும்பிட்டு வர ஆசைப்படுகிறார். மே மாதம் சொந்தக் காரில் போகிறோம். ஓர் ஏஜென்ட், “சீசனில் இ-பாஸ் கிடைக்காது, 1,500 கொடுங்கள், காட்டேஜும் சேர்த்து முடித்துத் தருகிறேன்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. இ-பாஸ் என்பது வண்டியில் மலைக்குப் போக முன்கூட்டியே இணையத்தில் பதிந்து வாங்குகிற அனுமதிச் சீட்டு. அதற்குக் கட்டணமே கிடையாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் செல்போன் நம்பர், வண்டி நம்பர், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்கல் என்று நிரப்பினால் போதும். ஒரு வண்டிக்கு ஒரு பாஸ். பூம்பாறைக்கு கொடைக்கானலைத் தாண்டித்தான் போகவேண்டும். ஊருக்குள் தங்காவிட்டாலும் பாஸ் வேண்டும்.

“கிடைக்காது” என்று அவர் பயமுறுத்துவதில் பாதி உண்மை இருக்கிறது. 2025இல் நீதிமன்றம் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தது. வரம்பு நிரம்பிவிட்டால் ஏஜென்டுக்கும் கிடைக்காது. அவரிடம் தனிக் கதவு எதுவும் இல்லை. நீங்கள் நிரப்புகிற அதே படிவத்தைத்தான் அவரும் நிரப்புகிறார்.

போன சீசனில் ஒரு குடும்பம் இப்படி 800 ரூபாய் கொடுத்து பாஸ் வாங்கிப் போனது. வண்டி நம்பரில் 7 இருக்கவேண்டிய இடத்தில் 1. சோதனைச் சாவடியில் கைக்குழந்தையோடு ஒன்றரை மணி நேரம் ஓரமாக நின்று, புதிதாகப் போட்டுக்கொண்டு மேலே போனார்கள். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. இதில் எனக்கு அரசு மேலும் கோபம்தான். செல்போனில் படிவம் நிரப்பத் தெரியாத பெரியவர்கள் எத்தனை பேர்! மலை ஏறுவதற்கு முன் வருகிற வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் நாலு கவுன்டர் போட்டு, இலவசம் என்று பெரிய எழுத்தில் பலகை வைத்தால் இந்த வியாபாரமே படுத்துவிடும். பல தடவை மனு எழுதிவிட்டேன்.

ஒரு விலக்கை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். அரசுப் பேருந்து என்றால் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து மட்டும்தான். டூரிஸ்ட் பஸ் சேராது. ஊரார் சேர்ந்து பிடிக்கிற வேனும் சேராது. பாஸ் கிடைக்காமல் போனால் காரை வத்தலக்குண்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள், மேலே உள்ளூர் டாக்ஸி வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் போர்டு வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டுகிறவர் நூறு இருநூறு குறைத்துக் கேட்பார்; விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். ரயிலில் வரலாமா என்று யோசிக்காதீர்கள், கொடை ரோடு ஸ்டேஷன் கொடைக்கானலிலிருந்து 80 கிலோமீட்டர் கீழே இருக்கிறது.

காட்டேஜ் விஷயம் இதைவிட மோசம். கூரை முக்கோணமாக நிற்கிற மரவீட்டுப் படத்தைக் காட்டி ஜிபேயில் முழுப் பணமும் கேட்பார்கள். அனுமதி இல்லாத விடுதிகள் அந்த மலையில் நிறைய. அதிகாரிகள் வந்து சீல் வைத்தால் ராத்திரி ஆத்தாவோடு எங்கே போவீர்கள்? டென்ட் என்றால் பேச்சையே நிறுத்திவிடுங்கள். கொடைக்கானலிலேயே உரிமம் உள்ள விடுதியில், தரைத்தளத்தில் அறை கேட்டு வாங்குங்கள். பகலில் பூம்பாறை போய்த் திரும்பலாம், ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான்.

அந்தப் பாதையில் ஒரு திருப்பத்தில் நின்றால் படிப்படியான வயலும் ஓட்டுவீடுகளுமாக ஊர் முழுதும் ஒரே பார்வைக்குக் கிடைக்கும். ஆத்தா காரைவிட்டு இறங்கவே வேண்டாம். குழந்தை வேலப்பர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது, பழனி போல மலைப்படி கிடையாது. பழனி மூலவரைப் போல இவரும் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது நம்பிக்கை. பழனிக்கு நடந்தவருக்கு அந்தச் சன்னதியில் நிற்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

திரும்பும்போது மலைப்பூண்டு வாங்குவீர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேரைச் சொல்லி வெளிமாநிலப் பூண்டைத் தள்ளிவிடுகிற கடைகள் உண்டு. ஊருக்குள் விவசாயி வீட்டிலேயே கேளுங்கள். அடுப்புப் புகையில் காயவைத்த பூண்டு. கையில் எடுத்தாலே புகைவாடை அடிக்கும்.

பூம்பாறையிலிருந்து இன்னும் 15 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சிப் பண்ணையும், புல்வெளி நடுவே ஏரியும் இருக்கின்றன. கூக்கல் என்ற மலையூர் ஆத்தாவுக்கு வேண்டாம், தூரம் அதிகம்.

பைன் காட்டில் ஒன்று கவனியுங்கள். அந்த மரங்கள் நம் மலையில் தானாக முளைத்தவை இல்லை, வனத்துறை நட்டவை. கீழே ஊசி இலை மெத்தை போலக் கிடக்கும். தூறல் பட்டுவிட்டால் ஆத்தங்குடிக் கல் தரையில் எண்ணெய் சிந்தியது போல வழுக்கும். ஆத்தா ஓரத்திலேயே உட்கார்ந்து பார்க்கட்டும், ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப்போங்கள்.

தண்ணீருக்கு வீட்டிலிருக்கும் கூஜாவை நிரப்பிக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை, பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. உங்கள் ஊரிலிருந்து திருப்பத்தூர், நத்தம், திண்டுக்கல் வழியாக எப்படியும் 200 கிலோமீட்டர் வரும். செவ்வாய் அல்லது புதனாகப் பார்த்து விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டு மலை ஏறிவிடலாம். பாஸை இன்றைக்கே போட்டுவிடுங்கள், வண்டி நம்பரை ஆர்சி புத்தகத்தைப் பார்த்து நீங்களே அடியுங்கள்.