கூத்துக் களரியில் கலங்கும் முகங்கள்: லென்ஸ் மாற்ற வேண்டுமா?

கேள்வி: பாவித்த நிக்கொன் டி3500 கமெராவை 18-55 லென்ஸோடு வாங்கினேன். பகலில் பாலத்தில் நின்று வாவியை எடுத்தால் படம் தெளிவு. இரவில் வடமோடிக் கூத்தை பிளாஷ் இல்லாமல் ஓட்டோ முறையில் எடுத்தால் ஆட்டக்காரரின் முகம் கலங்கிப்போகிறது. கடையொன்றில் பாவித்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், கல்லடி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கலங்கிய படம் ஒன்றைத் திரையில் பெருப்பித்துப் பாருங்கள். களரியைச் சுற்றியுள்ள கம்பு தெளிவாக இருந்து ஆட்டக்காரர் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. கம்பும் சேர்ந்து இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. லென்ஸில் வி.ஆர். என்று எழுதியிருந்தாலும் அது கை நடுக்கத்துக்குத்தான். துள்ளி ஆடுகிறவரை அது நிறுத்தாது.

டயலை 'எஸ்'இல் (ஷட்டர் வேகத்தை நீங்களே தெரியும் முறை) வைத்து ஷட்டரை 1/250 செக்கன் ஆக்குங்கள். படமெடுப்பு மெனுவில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) பகுதிக்குப் போய் ஓட்டோ ஐஎஸ்ஓவை இயக்கி, உச்ச அளவை 6400 என்று கொடுங்கள். படத்தில் புள்ளி விழும், விழட்டும். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், கலங்கிய முகத்தை மீட்க முடியாது. படம் இருண்டால் 1/125க்கு இறங்கி, தாளம் தீர்ந்து ஆட்டக்காரர் நிற்கும் கணத்தில் அழுத்துங்கள்.

சூம் பண்ணாமல் கிட்டப் போங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலத் திறக்கும். உங்கள் லென்ஸ் 18இல் எஃப் 3.5 வரை திறக்கும். 55க்கு இழுத்தால் 5.6தான். அங்கே வரும் வெளிச்சம் பாதியும் இல்லை. இரவுப் படம் கெடுவதற்குப் பாதிக் காரணம் இந்த இழுப்புத்தான்.

இவ்வளவும் செய்தும் போதாவிட்டால் லென்ஸ் வாங்கலாம். 1.8 என்றால் 5.6ஐ விட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம். ஆனால் உங்கள் கமெராவில் 50 என்பது 75 போலக் குறுகித் தெரியும். முகத்துக்கு அருமை, முழுக் களரி அடங்காது. கிட்ட நின்று எடுப்பவருக்கு உங்கள் கமெரா வகைக்கென்றே வரும் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸே என் தெரிவு. எதை வாங்கினாலும் 1.8இலேயே எடுக்காதீர்கள், கண் தெளிந்தால் தலையில் வைத்த முடியின் (கிரீடத்தின்) கரை மங்கும். 'எஸ்'இல் எஃப் எண்ணைக் கமெராவே தெரியும்; ஆகவே டயலை 'எம்'முக்கு மாற்றி, அதே ஷட்டரோடு 2.2 அல்லது 2.8 வைத்துப் பாருங்கள்.

ஏமாறும் இடம் வேறு. 50 எஃப் 1.8இல் 'டி' என்றும் 'ஜி' என்றும் இரண்டு உண்டு. டி3500க்குள் போகஸ் மோட்டார் கிடையாது. 'டி' லென்ஸ் பொருந்தும், படமும் வரும், ஆனால் போகஸைக் கையால் திருப்ப வேண்டும்; இரவில் ஆடுகிறவரைப் பிடிக்க அது சரிவராது. அடையாளம் எளிது: 'டி'யில் எஃப் எண்கள் எழுதிய வளையம் இருக்கும், 'ஜி'யில் இல்லை. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருப்பதைக் காட்டும் 'ஏஎஃப்-எஸ்' என்ற எழுத்தையும் தேடுங்கள்.

கமெராவைக் கடைக்குக் கொண்டுபோய், லென்ஸை மாட்டி, ஷட்டரைப் பாதி அழுத்தி, தானாகப் போகஸ் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு கழற்றி, இரு பக்க மூடியையும் எடுத்துவிட்டு, போன் டோர்ச்சைப் பின்னாலிருந்து சரிவாக அடித்து முன்னால் பாருங்கள். இரண்டொரு தூசி பரவாயில்லை. சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சணம். கடலும் வாவியும் சூழ்ந்த நம் ஈரக்காற்றில் அது பரவும், விலை குறைத்தாலும் வேண்டாம். பற்றுச்சீட்டில் 'ஏஎஃப்-எஸ் ஜி' என்று எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் சட்டக் கடமை. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள்.