முப்பது வயதுக்குப் பிறகு என்ன செய்வான்?

அன்புள்ள சகோதரிக்கு,

சென்ற வாரம் தூத்தூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி நாகர்கோவிலில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்து, மஞ்சள் பையிலிருந்து மகனின் கால்பந்துச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினீர்கள். மாவட்ட அளவில் நான்கு, மாநில அளவில் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மட்டும் கடைசியாக, தயங்கித் தயங்கி வைத்தீர்கள். சென்னைக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்றும், கேரளத்தில் ஒரு கிளப் படிப்பை விட்டுவிட்டு உடனே வரச் சொல்கிறது என்றும் விவரித்த பிறகு நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "பந்து விளையாடுறது எல்லாம் சரி சார், முப்பது வயசுக்கு மேல இவன் என்ன செய்வான்?" அன்று அரை மணி நேரத்தில் நான் சொன்ன பதில் எனக்கே நிறைவு தரவில்லை. ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வியை, விளையாட்டைப் பற்றித் தெரியாத ஒரு தாயின் வீண் பயம் என்று உங்களோடு வந்திருந்த உங்கள் மகன், நம் தம்பி, நினைக்கிறான். அவன் முகத்திலேயே அது தெரிந்தது. ஆனால் உலகின் மிகப் பெரிய வீரர்கள் ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தில் தங்களையே கேட்டுக்கொண்ட கேள்வி இது. அதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டவர்கள் நன்றாக முடித்தார்கள்; தள்ளிப்போட்டவர்களில் பலர் துன்பப்பட்டார்கள்.

உடல் எப்படித் தளர்கிறது என்பதை அறிந்துகொண்டால் பயம் பாதி குறையும். வெடித்துக் கிளம்பும் ஓட்டத்துக்கு உதவும் வேகத் தசையிழைகள்தாம் முதலில் வலுவிழக்கின்றன. ஆகவே குறுந்தொலைவு ஓட்டக்காரர்கள் இருபதுகளின் நடுப்பகுதியிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு குறையும் என்பது பொதுவான கணக்கு. விடாமல் பயிற்சி செய்பவர்களுக்கு அந்தச் சரிவு மெதுவாக வரும். ஆனால் ஆட்டக்காரர் முதலில் உணர்வது வேகக் குறைவை அன்று. ஞாயிற்றுக்கிழமை ஆடிய ஆட்டத்தின் வலி முன்பெல்லாம் திங்கள் மாலையே போய்விடும்; ஒரு பருவத்தில் அது புதன்கிழமை வரையிலும் நிற்கும். அந்தப் புதன்கிழமையை யார் ஒப்புக்கொள்கிறார், யார் மறைக்கிறார் என்பதில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது.

தம்பி இடது ஓரத்தில் ஆடுபவன். ஓர ஆட்டக்காரனுக்கு வேகமே முதலீடு என்பதால், ஆடுகளத்தில் மிக விரைவாகக் கரையும் முதலீடும் அவனுடையதே. அதே இடது ஓரத்தில் ஆடிய ரயன் கிக்ஸ் 1991இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணிக்கு ஆடத் தொடங்கியபோது அவரைப் பிடிக்க எவராலும் முடியாது. தொடையின் பின்தசைக் காயங்கள் அவரைத் திரும்பத் திரும்பப் படுக்க வைத்தன. முப்பதைக் கடந்த பிறகு அவர் யோகாசனத்தைக் கைக்கொண்டார். ஓரத்தை விட்டு நடுக்களத்துக்கு நகர்ந்து, ஓடிக் கடப்பதற்குப் பதிலாகப் பந்தைச் சரியான இடத்துக்கு அனுப்புபவராக மாறினார். 2014இல் தம் 40ஆவது வயதில் விடைபெறும் வரை அதே அணிக்காக 963 ஆட்டங்கள் ஆடினார். கால் இழந்ததைக் கண்ணும் அனுபவமும் ஈடுசெய்தன. ஆனால் நடுக்களத்தில் ஆடத் தேவையான பார்வை முப்பது வயதில் திடீரென்று முளைத்ததில்லை. வேகம் இருந்த நாட்களிலேயே அவருக்குள் அது வளர்ந்திருந்தது.

டென்னிஸில் இருந்து இரண்டு மட்டைகளின் கதையைச் சொல்கிறேன். 11 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்ற பியார்ன் போர்க் 1983இல் தம் 26ஆவது வயதில் ஆட்டத்தை விட்டு விலகினார். 1991இல் மான்டே கார்லோவில் மீண்டும் களமிறங்கியபோது, எல்லோரும் கிராஃபைட் மட்டைகளுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தம் பழைய மர மட்டையோடு வந்தார், முதல் சுற்றிலேயே தோற்றார். ரோஜர் ஃபெடரரோ 90 சதுர அங்குல முகப்புள்ள சிறிய மட்டையால் உலகை வென்றவர். தோல்விகள் அடுத்தடுத்து வந்தபோது, 2014இல் 97 சதுர அங்குல மட்டைக்கு மாறினார். பழகிய கருவியைக் கீழே வைப்பது என்பது, 'நான் பழைய ஆள் இல்லை' என்று ஊரறிய ஒப்புக்கொள்வது. 2016இன் பின்பாதியில் முழங்காலுக்காக ஆறு மாதம் ஓய்ந்திருந்தார். 2017இல் ஆஸ்திரேலிய ஓப்பனையும் விம்பிள்டனையும் 35 வயதில் வென்றார். எந்தப் போட்டியை விட்டுவிடுவது என்று தேர்ந்தெடுக்கவும் அவர் கற்றிருந்தார்; அந்த ஆண்டு களிமண் தளப் போட்டிகள் முழுவதிலும் அவர் ஆடவில்லை.

நம் சென்னையின் சரத் கமல் 2006இல் மெல்போர்னில் காமன்வெல்த் போட்டியின் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் தங்கம் வென்றார். 16 ஆண்டுகள் கழித்து, 2022இல் பர்மிங்காமில், 40 வயதில் அதே தங்கத்தை மறுபடியும் வென்றார். 2025இல் சொந்த ஊரிலேயே சர்வதேச ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

எல்லா முடிவுகளும் இப்படி அமைவதில்லை. நீங்கள் காசைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அதைவிட அதிகமாக அஞ்சும் ஒன்றைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2012 லண்டன் ஒலிம்பிக்கோடு நீச்சலை விட்டபோது அவருக்குப் பணமும் புகழும் நிறைய இருந்தன. இரண்டு ஆண்டுகளில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காகக் கைதானார். உயிரோடு இருக்கவே விருப்பமற்றுப்போன நாட்கள் அவை என்று பிறகு அவரே வெளிப்படையாகப் பேசினார். தம்மை ஒரு நீச்சல்காரராக மட்டுமே பார்த்து வந்ததாகவும், ஒரு மனிதராகப் பார்க்கத் தெரியாமல் போனதாகவும் அவர் கூறியிருக்கிறார். சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்து 2016 ரியோவில் ஐந்து தங்கம் வென்றார் என்றாலும், அவரைக் காப்பாற்றியது உதவி கேட்டதுதான் என்பது என் எண்ணம்.

இதை நான் நம் மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு காலத்தில் நம் கடற்கரையின் எல்லாப் போட்டிகளிலும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர். முழங்கால் போன பிறகு, மாலையில் பிள்ளைகள் ஆடும் மைதானத்தின் சுவர்வரை வருவார். உள்ளே வர மாட்டார். சுவருக்கு வெளியே விழும் பந்தைக் கையால் எடுத்துக் கொடுப்பாரே தவிர, காலால் தொட மாட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு பள்ளியின் சிறுவர் அணிக்கு அவரைப் பயிற்சி தரச் சொன்னார்கள். முதல் நாள் அவர் விசிலை ஊதாமல் நெடுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. அந்த விசில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவர் கைக்கு வந்திருக்கலாம்.

'முப்பது வயது' என்ற உங்கள் கணக்கிலும் ஒரு திருத்தம் தேவை. உங்கள் பக்கத்து ஊரான இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துத் தொடர் வரை சென்று நம் கடற்கரைக்கே பெருமை சேர்த்தவர், 2020 நவம்பரில் தொடரின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமடைந்து அந்தப் பருவத்தை இழந்தார். அப்போது அவருக்கு 26 வயது. எனவே 'பிறகு' என்பது எந்த வயதிலும் வரக்கூடும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

வேலைக்கான கதவோ அதற்கும் முன்பே மூடிவிடுகிறது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர வயது வரம்பு 18 முதல் 25 வரைதான். அதில் எவருக்கும் தளர்வு இல்லை. அங்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு நிலை, பட்டத்துக்கு அதைவிட உயர்ந்த நிலை என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை ஆகியவற்றுக்குக் கால்பந்து அணிகள் உண்டு, ராணுவத்துக்கும் உண்டு. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன் பதின்ம வயதிலேயே கேரளக் காவல்துறை அணியில் சேர்ந்தார். பெரிய கிளப்புகளுக்கும் இந்தியாவுக்கும் ஆடினார். ஆட்டம் ஓய்ந்த பிறகும் சீருடை அவரோடு இருந்தது. 2025இல்தான் பணி ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மஸ்ரீயும் வந்தது.

ஆகவே என் தீர்மானமான கருத்து: தம்பி சென்னைக் கல்லூரியில் சேரட்டும். கேரளக் கிளப் கொடுப்பதாகச் சொல்லும் தொகை இன்றைக்குப் பெரிதாகத் தெரியும்; அணிக்கு ஏழு பேர் ஆடும் மலபாரின் செவன்ஸ் ஆட்டங்களில் ஓர் இரவுக்குக் கையில் கிடைக்கும் பணமும் இளைஞர்களை மயக்கும். ஆனால் அந்த ஆட்டங்களுக்கான சான்று அரசு வேலைக்கு உதவாது. அங்கே முழங்கால் போனால் எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கல்லூரி அணி பல்கலைக்கழகப் போட்டிகளுக்கும், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைக்கான தேர்வுக்கும், சென்னை லீக் அணிகளின் பார்வைக்கும் வழி திறக்கும். மூன்று ஆண்டில் பட்டமும் கையில் இருக்கும். அப்போது அவனுக்கு 21 வயதுதான். ரயில்வேக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் மீதமிருக்கும். வேலை கிடைக்கத் தாமதமானால் இரண்டாண்டு பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படித்து உடற்கல்வி ஆசிரியராகலாம். 1920இல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அந்தப் பாதையில் பல தலைமுறைகளை உருவாக்கியிருக்கிறது.

அவனிடம் நேரில் சொல்ல வேண்டியவையும் உண்டு. வலது காலால் பந்து அடிக்க அவன் இப்போதே பழக வேண்டும். வாரத்தில் ஒருநாளாவது பயிற்சியாட்டத்தில் நடுக்களத்தில் நிற்க வேண்டும். கல்லூரி நாட்களிலேயே இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் பயிற்சியாளர் வகுப்பையோ நடுவர் தேர்வையோ முடித்துவிட வேண்டும். இவற்றை அவன், 'தோற்றுப்போனால் செய்வது' என்று நினைக்கக் கூடாது. சிறுவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பவன் தன் ஆட்டத்தையும் தெளிவாகப் பார்க்கத் தொடங்குவான். இருபது வயதில் விசில் ஊதிப் பழகியவனுக்கு முப்பதில் அது தண்டனையாகத் தோன்றாது.

உங்கள் கணவர் இப்போது ஆழ்கடலில் இருக்கிறார் என்றீர்கள். அவர் திரும்பியதும் இதை அவரோடு பேசுங்கள். அவருக்கு இது எளிதில் புரியும். வலை இழுக்கும் வலு குறைந்த மூத்தவரை உங்கள் ஊர் விசைப்படகுகள் கரையிலேயே விட்டுவிடுவதில்லையே. எந்த நீரோட்டத்தில் மீன் திரும்பும் என்று கடலின் நிறம் பார்த்துச் சொல்ல அவரைத்தானே அழைக்கிறார்கள். அவரும் அதைக் கற்றது இளவயதில், வலையை இழுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான்.

கல்லூரியின் விளையாட்டுத் தேர்வு நாளுக்கு முன்பாக ஒருமுறை தம்பியை அழைத்து வாருங்கள். சான்றிதழ்களின் மூலப் பிரதிகளோடு இரண்டு தொகுதி நகல்களும் வேண்டும். மாநிலப் போட்டிச் சான்றில் சங்கச் செயலாளரின் கையொப்பம் மங்கலாக இருக்கிறது, அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். சென்ற மாதம் பிசகிய வலது கணுக்கால் சரியாகிவிட்டதாக அவன் சொன்னான். நீங்கள் இருவரும் படியிறங்கிப் போகும்போது அவன் அந்தக் காலை ஊன்றத் தயங்கியதைப் பார்த்தேன். வருவதற்கு முன்பு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.