சேவல் இறகும் தீர்த்தன் ஆறும்: டெல்லி வாசகர்களின் மேஃப்ளை கேள்விகள்

மார்ச் 1-ம் தேதி ஹிமாச்சலில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கத் தடை நீங்கியதும் இந்த மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை எல்லாமே தண்ணீர்மேல் மிதக்கும் ட்ரை ஃப்ளை பற்றியவை, அதாவது மேஃப்ளை போன்ற பூச்சியின் சாயலில் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டும் போலி இரை.

மேஃப்ளை என்பது நம்ம ஊர் ஈசல்தானே சார்? (மயூர் விஹார்)

இல்லைங்க. ஈசல் கறையான் குடும்பம், மண்ணுக்குள்ளிருந்து வருவது. மேஃப்ளை தண்ணீரில் பிறந்து மாதக்கணக்கில் கல்லுக்கடியில் புழுப் பருவத்தில் கிடந்து, ஒரு நாள் மேலே மிதந்து வந்து, தோலை உரித்துக்கொண்டு, பாய்மரம் மாதிரி செங்குத்தான இறக்கையோடு நீர்மேல் உட்கார்ந்து வரும். அந்தச் சில நொடிகளில்தான் டிரவுட் அதைக் கவ்வும். நாம் கட்டும் ஃப்ளையும் அந்த நொடிகளுக்காகத்தான். அப்படி எழுந்த பூச்சி மங்கலான இறக்கையோடு கரைக்குப் பறந்து போய், இன்னொரு முறை தோல் உரித்து, கண்ணாடி மாதிரி இறக்கையோடு திரும்பி வந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். இறக்கை முளைத்த பிறகும் தோல் உரிக்கும் பூச்சி இன்று உலகத்தில் இது ஒன்றுதான். வளர்ந்ததற்குச் சாப்பிட வாய்கூட வேலை செய்யாது. அடுத்த முறை ஆற்றுக்குப் போனால் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள், இரண்டு மூன்று வால் இழையோடு தட்டையாக ஒன்று ஓடும். பார்த்துவிட்டு, கல்லை இருந்த மாதிரியே வைத்துவிடுங்கள்.

நான் கட்டும் ஃப்ளை தண்ணீரில் விழுந்ததும் பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது, பத்து நிமிஷத்தில் மூழ்கியும் போகிறது. எதில் தப்பு? (துவாரகா)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சாமான் அதிகம், அளவு தப்பு. 14-ம் நம்பர் முள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். வால் முள்ளின் தண்டு நீளம் இருக்க வேண்டும், உங்களுடையது பாதிதான் இருக்கிறது, அதனால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. சேவல் இறகின் இழை, முள்ளின் வாய் அகலத்தைப் (தண்டுக்கும் கூருக்கும் நடுவே உள்ள இடைவெளி) போல ஒன்றரை மடங்கு. நாலைந்து சுற்று போதும், நீங்கள் சுற்றியிருப்பது பத்துக்கு மேல் இருக்கும். உடம்புக்குச் சுற்றும் ரோமத்தை, நூலில் அது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெலிதாக முறுக்குங்கள், ஏனென்றால் கொழுத்த உடம்பு பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு மிதக்க வைக்கும் எந்த எண்ணெய் போட்டாலும் தூக்காது. முள்ளின் கண்ணுக்கு (நரம்பு கோக்கும் துளை) பின்னால் ஒரு கண் அளவு இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கடைசி முடிச்சுக்கு இடமில்லாமல் கண்ணையே நூலால் அடைத்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு.

கட்டி முடித்ததும் ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு முழ உயரத்திலிருந்து பத்து தடவை போட்டுப் பாருங்கள். எட்டு தடவையாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். அப்படியும் வரவில்லையென்றால் பாராசூட் முறைக்கு மாறிவிடுங்கள்: இறக்கைக்காக நட்டுவைத்த வெள்ளை முடிக்கற்றையின் அடியைச் சுற்றி இறகைக் கிடைமட்டமாகச் சுற்றுவது. அது சாய்வது அபூர்வம், அலைத் தண்ணீரில் வெள்ளையும் நம் கண்ணுக்குத் தெரியும். மலையாற்றுக்கு ஒரே ஒரு ஃப்ளைதான் எடுத்துப்போகலாம் என்றால் ஆடம்ஸ் என்ற ஃப்ளையைப் பாராசூட் முறையில் கட்டிய பாராசூட் ஆடம்ஸைத்தான் நான் எடுப்பேன். மூல ஆடம்ஸை 1922-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டினார். எந்த ஒரு பூச்சியையும் அப்படியே காப்பியடிக்காத, பல பூச்சிகளின் சாயல் உள்ள சாம்பல் பழுப்பு. அதனால்தான் நம் பக்கத்து ஆறுகளிலும் எடுபடுகிறது.

வெளிநாட்டு இறகு விலை கட்டுப்படியாகவில்லை. கோழிக்கடை இறகு ஆகுமா? ஊரில் பாட்டி வீட்டில் காட்டுக்கோழி இறகும் இருக்கிறது. (ஆர்.கே.புரம்)

பிராய்லர் இறகு ஆகாது, மெத்தென்று தண்ணீரை உறிஞ்சும். வயதான நாட்டுச் சேவலின் கழுத்து இறகு ஆகும். இழையை விரலால் வளைத்து விட்டால் டக்கென்று நிமிர வேண்டும், அதுதான் சோதனை. இந்தியச் சேவல் கழுத்துத்தோலை வைத்துத்தான் வெளிநாட்டில் ஒரு காலத்தில் ஏகப்பட்ட பேர் ஃப்ளை கட்டினார்கள். காட்டுக்கோழி இறகைத் தொடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கும் பறவை அது, இந்த ஃப்ளைக்குத் தேவையும் இல்லை.

மயில் தானாக உதிர்த்த இறகு கிடைத்தால் விடாதீர்கள். கண் பகுதியிலிருந்து ஓர் இழையை எடுத்து, பென்சில் ரப்பரால் அடியிலிருந்து நுனி நோக்கித் தேய்த்தால் பச்சைப் பஞ்செல்லாம் உதிர்ந்து, ஓரம் கறுப்பும் மீதி வெளுப்புமாக ஒரு நரம்பு மிஞ்சும். தண்ணீரில் ஊறவைத்துச் சுற்றினால் மேஃப்ளையின் வரிவரியான வயிறு அப்படியே வந்துவிடும். மேலே ஒரு கோட் வார்னிஷ், இல்லாவிட்டால் மீனின் பல் பட்டதும் அறுந்துபோகும்.

மீன் ஃப்ளை பக்கத்தில் வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. எந்த ஃப்ளைக்கு மாறுவது அண்ணா? (நொய்டா)

மாற வேண்டாம். பெரும்பாலும் இழுவைதான் காரணம். நடு ஆற்றுத் தண்ணீர் வேகமாகவும் கரையோரத் தண்ணீர் மெதுவாகவும் போகும், வேகத்தில் கிடக்கும் கயிறு மெதுவில் கிடக்கும் ஃப்ளையை இழுக்கும், உயிருள்ள பூச்சி அப்படி நகராது என்று மீனுக்குத் தெரியும். ஃப்ளைக்குப் பக்கத்தில் மிதக்கும் ஒரு நுரைக்குமிழியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே போக வேண்டும், ஃப்ளை கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் இழுவை இருக்கிறது.

ஹிமாச்சலின் தீர்த்தன் ஆற்றில், குஷைனி கிராமத்துக்கு மேலே ஒரு சாயங்காலம், ஒரு பாறைக்குப் பின்னால் விடாமல் எழும்பிக்கொண்டிருந்த ஒரே மீனுக்கு ஐந்து ஃப்ளை மாற்றினேன். வெளிச்சம் போகப்போக, முதலில் போட்ட ஃப்ளையையே திரும்பக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நாலடி இடதுபக்கம் நகர்ந்தேன். குறுக்கே வேகத் தண்ணீர் இல்லாமல் போனதால் முதல் வீச்சிலேயே எடுத்தது. அதிலிருந்து ஃப்ளைப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் நிற்கும் இடத்தை மாற்றிப் பார்க்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: கிட்டே போங்கள், கயிறு குறைவாகத் தண்ணீரில் படட்டும், கயிற்றின் நுனியில் ஃப்ளை கட்டும் மெல்லிய நரம்பை 5எக்ஸ் தடிமனில் இன்னும் இரண்டடி நீட்டுங்கள், கயிற்றில் மேல்நீர்ப் பக்கம் ஒரு தளர்வு விட்டு வீசுங்கள்.

டெல்லியிலேயே பழகலாமா? எப்போது கிளம்பலாம்? (கரோல்பாக்)

யமுனையில் இங்கே டிரவுட் கிடையாது, அதற்குக் குளிர்ந்த ஓடும் தண்ணீர் வேண்டும். வீச்சு பழகக் காலனிப் பூங்காவே போதும், நுனியில் முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். போக நல்ல நேரம் ஏப்ரல், அப்புறம் மழை ஓய்ந்த செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. நவம்பர் முதல் பிப்ரவரி வரை முட்டையிடும் காலம், தடை. காஷ்மீரி கேட்டில் இரவு மணாலி பஸ் ஏறி, ஔட் சுரங்கப்பாதைக்கு முன்னாலேயே இறங்கி பஞ்சார் வண்டி பிடியுங்கள். மீன்வளத் துறை லைசென்ஸ் வாங்காமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

மீன் கவ்வுகிறது, இழுத்தால் வெறும் முள் வருகிறது. (கல்லூரி மாணவர், டெல்லி)

தம்பி, அவசரப்படுகிறாய். பிரவுன் டிரவுட் மேலே வந்து வாய் திறந்து மூடி, தலையைக் கீழே திருப்பும் வரை பொறு. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு கோலை வெடுக்கென்று இழுக்காமல் தூக்கு. முள்ளின் எதிர்க்கூரை (மீன் கழலாமல் பிடிக்கும், பின்நோக்கிய சின்னக் கூர்) முதலிலேயே குறட்டால் நசுக்கிவிடு, கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடு. வெயில் ஏறித் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடு, அந்தச் சூட்டில் விட்ட மீன் பிழைக்காது.